குதிர் நிறைய நெல் இருந்த வீடு

என் அண்ணன் மகள் செசிலியை எங்கள் ஊர்க்காரர்கள் புனிதை என்கிறார்கள். அவளைப் பெற்ற அன்னாமேரியைப் பைத்தியம் என்கிறார்கள். இரண்டுமே பொய். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நானும் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன்.

அன்னாமேரி எனக்கு அண்ணி. அவள் புருஷன் சவரிநாதனின் தங்கை கிரேஸ் மேரி நான். கட்டிக் கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வாழாவெட்டிக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும். அந்த வீட்டில் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சொல்வதெல்லாம் ஜோடனை.

வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டு போகிற வழியில் எங்கள் ஊர். மாதா கோவிலைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், அதைத் தாண்டினால் நெல்லும் கரும்பும். அண்ணனுக்குச் சொந்த நிலம் இருந்தது, கிணறு இருந்தது. கூடவே ஊரில் சாராயக்கடையும் இருந்தது. பொழுது சாய்ந்தால் அவனை அங்கேதான் தேட வேண்டும். அண்ணி வாங்காத அடி இல்லை. கோவிலில் அவள் எப்போதும் கடைசி வரிசையில்தான் முட்டி போடுவாள்.

எழுபத்தொன்றாம் வருடத் தவக்காலத்தில் இது ஆரம்பித்தது. தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பது எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் புதிதில்லை. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் கவுச்சி இல்லாமல். பெரியவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் இருந்த செசிலி, சாம்பல் புதன் தொடங்கி ஒரு நாள் விடாமல் இருந்தாள். எதற்கடி இப்படி என்று கேட்டால், அப்பா குடியை விடுவதற்காக என்றாள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நெட்டப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண் கொஞ்சம் பூரிப்பாக இருக்கிறாளே என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார்கள். எது காரணம், எது சாக்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

தவக்காலம் முடிந்து, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று கறிக்குழம்பு கொதித்தது. செசிலி இலையில் உட்காரவில்லை. அப்பா விடட்டும், நான் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். என் அண்ணன் பயந்தானோ வெட்கப்பட்டானோ, நிஜமாகவே விட்டுவிட்டான். சாராயக்கடைக்காரன் வீட்டுக்கே வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

சரி, அப்பன் விட்டுவிட்டான், பெண் சாப்பிட வேண்டியதுதானே? அவள் சாப்பிடவில்லை. அந்த இடத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. ஊருக்கு வேறு ஒன்றுதான் தெரிந்தது. செசிலி ஒருசந்தி இருந்தாள், குடிகாரன் திருந்தினான். அவ்வளவுதான், பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எம்மவனுக்கு வேலை கிடைக்கணும், எங்களுக்காக ஒரு வெள்ளிக்கிழமை இரும்மா. எம்மருமகளுக்கு வயித்துல ஒண்ணு தங்கணும், ஒரு சனிக்கிழமை இரும்மா. ஊரே கூடி அவள் வாயைக் கட்டியது.

அண்ணி பூரித்துப்போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதே அளவுக்குப் பரிதாபமும் உண்டு. குடிகாரன் பெண்டாட்டி என்று பெயர் வாங்கியிருந்தவளை ஒரே வருடத்தில் எல்லாரும் செசிலியம்மா என்று கூப்பிட்டார்கள். கோவிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். வருகிறவர்களிடம் அவளே, எம்பொண்ணு காத்தக் குடிச்சிக்கினே இருந்துடுவா என்று பெருமையாகச் சொன்னாள். பங்குச் சாமியார் ஒரு தரம் செசிலியைக் கூப்பிட்டு, போதும், கடவுள் உன்னைச் சாகச் சொல்லவில்லை, சாப்பிடு என்று கண்டித்தார். அதையும் ஊர் அவளுக்கு வந்த சோதனை என்று எடுத்துக்கொண்டது.

செசிலிக்கு வைத்த சோறு கோழிக்குப் போனது. வேலை இல்லாவிட்டாலும் வரப்பு வரப்பாக வேகவேகமாக நடந்தாள். சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. கையில் மட்டும் பூனைமயிர் போல மெல்லிசாக முடி முளைத்தது. மாதாமாதம் வருவது நின்றுபோனது. இதை அண்ணி கோவில் பெண் ஒருத்தியிடம் சொன்னதற்கு, அது மாதாவுக்கு நேர்ந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றாளாம் அந்தப் புண்ணியவதி.

அடுத்த தை மாதம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது செசிலி கிணற்றடியில் விழுந்தாள். வில்லியனூர் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து டாக்ஸி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மடியில் படுக்க வைத்திருந்த எனக்குக் கால் மரத்துப்போகக்கூட இல்லை. அவ்வளவுதான் கனம். அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்தாள். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வெளியே வந்து அண்ணியிடம் கேட்டாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு பட்டினியால செத்துக்கிட்டிருக்கு. வீட்ல அரிசி இல்லையா?"

"குதிர் நெறைய நெல்லு இருக்குது டாக்டரம்மா" என்றாள் அண்ணி.

மறுநாள் மத்தியானம் செசிலி போய்விட்டாள். இது ஒரு நோய், மனசில் பிடித்து உடம்பைத் தின்கிற நோய், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். அண்ணிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அரிசி இல்லையா என்கிற கேள்வி மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் அண்ணன் அடக்கம் முடிந்த வாரமே சாராயக்கடைக்குத் திரும்பிவிட்டான். மகள் உயிரைக் கொடுத்து வாங்கிய புத்தி அவ்வளவு நாள்தான் நின்றது.

கல்லறை கட்டிச் சிலுவை நட்டோம். ஒரு மாதம் போகவில்லை, யாரோ அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அடுத்தது மாலை. அப்புறம் வெள்ளியில் செய்த கை, கால், தொட்டில். பெண்கள் காலையிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் வந்து, சிலுவையைத் தொட்டுக் கும்பிட்ட பிறகு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தார்கள். பட்டினி கிடந்து செத்தவளிடம் பட்டினி கிடந்து வேண்டிக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய கூத்து எங்காவது உண்டா? அண்ணி தினமும் போய் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டிச் சுத்தம் செய்வாள். யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன். அவள் எப்படிச் செத்தாள் என்று இவர்களிடம் ஏன் சொல்லாமல் இருக்கிறாய் என்று.

"புனிதையா செத்தான்னா நான் புனிதையப் பெத்தவ. பட்டினியா செத்தான்னா நான் யாருடி கிரேசு?" என்றாள்.

செசிலி போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஒன்றிரண்டு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம்தான் அபிஷேகப்பாக்கத்துக் கலியம்மாள் வந்தாள். நெல் சாகுபடிக்காரக் குடும்பம், இந்துக்கள். கூட அவள் மகள் கனகாம்பாள். பெண் சாப்பிடுவதில்லை என்று அம்மனுக்குக் கூழ் ஊற்றியாகிவிட்டது, பம்பை உடுக்கை அடித்துப் பேய் ஓட்டியாகிவிட்டது, வேப்பிலையால் அடித்த தழும்பு அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது. சாப்பிடாமலே வாழ்ந்த ஒரு வேதக்காரப் பெண் இங்கே தெய்வமாக இருக்கிறாள், அவளிடம் விட்டால் சரியாகும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கலியம்மாள் மகளின் தலையைப் பிடித்துக் கல்லறைமேல் அழுத்தினாள்.

அண்ணி மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தாள். நானும் விளக்குமாறோடு அங்கேதான் இருந்தேன். கனகாவின் கை சிலுவையைப் பிடித்திருந்தது. அந்தக் கையில் பூனைமயிர். அண்ணி அதையே பார்த்தாள். கையில் இருந்த தகரத் துண்டைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தினாள்.

"எழுந்திரும்மா. இது சாமி இல்ல. இவ எம்பொண்ணு. சோறு துன்னாம செத்துட்டா. நான் பாத்துக்கினே இருந்தேன்."

சுற்றி நின்ற பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். அண்ணி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாயையும் மகளையும் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோவிலில் முன்வரிசை இடமும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

அதற்குப் பிறகு அண்ணி வாரா வாரம் அபிஷேகப்பாக்கம் போனாள். வயல் வழியாக நடைதான். சில நாள் நானும் போவேன். அவள் கனகாவிடம் அதிகம் பேச மாட்டாள். கலியம்மாளிடம்தான் பேசுவாள். கெஞ்சாதே, அடிக்காதே. நாலு பேர் சுற்றி நின்றுகொண்டு வாயையே பார்க்காதே. ஒரு வாய் தின்றால் கொண்டாடாதே, தின்னாவிட்டால் ஒப்பாரி வைக்காதே. கூட உட்கார்ந்து நீயும் சாப்பிடு. சாப்பிட்ட கையோடு வாயில் விரலை விடக் கொல்லைப்புறம் போக விடாதே, மல்லாட்டைக் கடலையை உரிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே வைத்துக்கொள். பேயும் இல்லை, திமிரும் இல்லை, சீக்கு. முதலில் டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டு. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, நான் இதுக்கு நேர்மாறாத்தான் செஞ்சேன் என்பாள்.

கலியம்மாள் லேசில் கேட்கிறவளா? புருஷன் ஒரு பக்கம் திமிர் என்று கத்தினான், மாமியார் ஒரு பக்கம் பேய் என்றாள். ஒரு நாள் நாங்கள் போனபோது கலியம்மாள் மகளைச் சுவரோடு சாய்த்து வாயைப் பிளந்து சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தாள். கனகா மூச்சு முட்டித் துப்பினாள். அண்ணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கலியம்மாளுக்கு வந்ததே ஆத்திரம்.

"பெத்த பொண்ண சாவக் குடுத்துட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா நீ?"

எனக்கே அடி விழுந்த மாதிரி இருந்தது. அண்ணி அந்தக் கையை விடவில்லை.

"ஆமா, சாவக் குடுத்தவதான். குடுக்காதவகிட்ட போயி இன்னா கேப்ப நீ? அவளுக்கு இன்னா தெரியும்?"

கலியம்மாள் சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணியும் அழுதாள். கனகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கலியம்மாள் தானாகவே மகளைக் கூட்டிக்கொண்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

அதே டாக்டரம்மா அண்ணியை அடையாளம் கண்டுகொண்டாள். கனகாவை வார்டில் சேர்த்துக்கொண்டு, நல்லபடியாகப் பார்த்தாள். வெந்நீரில் கரைத்த பால் மாவிலிருந்து கஞ்சி, கஞ்சியிலிருந்து குழைந்த சோறு என்று மெதுவாக ஏற்றினாள். அங்கே இருந்த நாட்களில் கலியம்மாள் டாக்டரம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் அண்ணியிடம் கேட்டாள். வேளை தவறாமல் சாப்பிட்டும் ஏன் அழுகிறாள், என்னை ஏன் முறைக்கிறாள், எனக்கே அவளை அடித்துக் கொன்றுவிடலாம் போல இருக்கிறதே, நான் தாய்தானா? எனக்கும் அப்படி இருந்தது என்றாள் அண்ணி. அவளிடம் இருந்த வைத்தியம் அந்த ஒரு வார்த்தைதான். டாக்டரம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் பிள்ளைகளைப் பார்க்கிறேன், பெற்றவர்களை நீ பாரம்மா என்று சொல்லி, அதற்குப் பிறகு அப்படி ஒரு பிள்ளை வந்தால் ஆள் விட்டு அனுப்புவாள். பாகூரில் ஒரு தாய், நெட்டப்பாக்கத்தில் ஒரு சித்தி என்று அண்ணி பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை பிழைக்கவில்லை. அந்தத் தாய் அண்ணியைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படியும் அடுத்த வாரம் போய் அந்த வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எங்கள் ஊரில் இதற்கு என்ன மரியாதை தெரியுமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணுகிறாள் என்றார்கள்.

கனகா தேறினாள். முடி வளர்ந்தது, கன்னம் வந்தது. நடவுக்குப் போனாள். கலியம்மாள் அண்ணியை யக்கா யக்கா என்று உருகுவாள். பெற்ற வயிறு கொஞ்சம் குளிர்ந்ததோ என்னவோ, அந்த வருடம்தான் அண்ணி சிரித்து நான் பார்த்தேன்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கிற நாள், ஊரே அங்கேதான் நிற்கும். செசிலி கல்லறையைச் சுற்றி நிற்க இடம் இல்லை. அண்ணி அன்றைக்கு என்ன சொன்னால் என்ன, புனிதையை விட்டுக்கொடுக்க ஊர் தயாராக இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலியம்மாள் வந்தாள். பட்டுப்புடவை, கையில் தாம்பாளம், அதில் மாலையும் வெள்ளியில் ஒரு பெண் உருவமும். பின்னால் கனகா.

எல்லாரும் கேட்கும்படி கலியம்மாள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாளே செசிலியம்மாவிடம் வேண்டிக்கொண்டாளாம். மகள் பிழைத்தால் கல்யாணம் ஆகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் அவளை ஒருசந்தி இருக்க வைக்கிறேன் என்று நேர்த்தி. அந்தத் தாய்தான் காப்பாற்றினாள் என்று கல்லறையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணி நடந்த நடை, டாக்டரம்மா பார்த்த வைத்தியம், கலியம்மாளே தூங்காமல் கிடந்தது எல்லாம் போன இடம் தெரியவில்லை. உழைத்தது ஒருத்தி, பேர் வாங்கியது செத்துப்போன இன்னொருத்தி.

அண்ணி நேரே கனகாவிடம் போனாள்.

"இன்னாடி சாப்ட்ட காலையில?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல பெரிம்மா. மூணு வாரமா வெள்ளிக்கெழம இருக்கறேன். இன்னிக்கும் சேத்து இருக்கறேன். எனக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள் கனகா.

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். பாஸ்குத் திருநாளில் கறிக்குழம்பு வேண்டாம் என்று சொன்னபோது செசிலி முகத்தில் பார்த்தது அதுதான்.

அண்ணி வீட்டுக்குப் போனாள். கல்லறைத் தோட்டத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு வேலிதான் நடுவில். சோற்றுக் குண்டானையும் மீன்குழம்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு, இலை நறுக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் கல்லறைமேல் இருந்த மெழுகுவர்த்திகளைப் புறங்கையால் தள்ளினாள். மாலைகளை எடுத்து ஓரமாகப் போட்டாள். மகளின் பேர் வெட்டிய கல்லின்மேல் மூன்று இலை போட்டுச் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை.

கலியம்மாள் தாம்பாளத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். சாமி குத்தம் ஆகிவிடும், நேர்ந்தது பலிக்காமல் போனால் மறுபடியும் என் மகளைக் கொண்டுபோய்விடும் என்று அலறினாள். ஊர்ப் பெண்கள், புனிதை மேல் எச்சில் இலையா என்று ஏசினார்கள். கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த சாமியார் நின்றுவிட்டார்.

"எம்பொண்ணுகிட்டதானே நேந்துகின? அவளுக்குக் குடுக்கறதா வேணாமான்னு பெத்தவ நான் சொல்றேன். எனக்கு இந்தப் பட்டினி வேணாம். இவ புனித இல்ல. இவளுக்குச் சீக்கு. நானும் நீங்களுமா சேந்து கொன்னுட்டோம்" என்றாள் அண்ணி. கத்தவில்லை. அப்புறம் கனகாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கலியம்மாளைப் பார்த்து, "நீயும் உக்காரு. கூட உக்காந்து துன்னணும்னு சொல்லியிருக்கறேன் இல்ல?" என்றாள்.

கலியம்மாள் உட்காரவில்லை. அழுதுகொண்டே நின்றாள். அண்ணி முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கனகா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் சோற்றை ஒதுக்கினாள், பிசைந்தாள், மறுபடி ஒதுக்கினாள். அண்ணி அவள் பக்கம் திரும்பவே இல்லை, தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள். ஊர் முழுக்க நின்று பார்க்கிறது. கலியம்மாளின் இலையில் நான் போய் உட்கார்ந்தேன். வேறு யார் உட்காருவார்கள்? கடைசியில் கனகா ஒரு வாய் வைத்தாள். அப்புறம் இன்னொன்று. கண்ணீர் மூக்கு வழியாகக் குழம்பில் விழ விழ அந்த இலையை முடித்தாள். சாமியார் கல்லறைக்கும் எங்களுக்கும் சேர்த்துத் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

அன்றோடு கலியம்மாள் அண்ணியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். செசிலியைப் பெற்றவளே வேண்டாம் என்றுவிட்டதால் மகளை ஒருசந்தி இருக்கச் சொல்லவும் பயந்துவிட்டாள், அதுதான் வேண்டியிருந்தது. கனகாவுக்குக் கல்யாணம் ஆனது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று கேள்வி. செசிலியம்மாதான் என் மகளைக் காப்பாற்றினாள், அந்தப் பைத்தியக்காரி அவள் கல்லறை மேல் எச்சில் பண்ணிவிட்டாள் என்று கலியம்மாள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எச்சில் பட்ட கல்லறைக்கு அதன் பிறகு யாரும் வரவில்லை. மறு வருடக் கல்லறைத் திருநாளில் மற்ற கல்லறைகளிலெல்லாம் வெளிச்சமாக இருந்தது. செசிலிக்கு நாங்கள் வைத்த மெழுகுவர்த்தி மட்டும்தான். ஒரு மாலை கிடையாது. அண்ணி சுரண்டுவதற்கு மெழுகு இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பாவம்டி கிரேசு. ஒருத்தருமே வரல பாரு இவளுக்கு" என்று சொல்லி, செசிலி செத்த அன்றைக்குக்கூட அப்படி அழாதவள், கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாகூரிலிருந்து இன்னொரு தாய் ஆள் விட்டிருந்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும், பழையதை எடுத்து வை, சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பணும் என்றாள்.